சிப்பாய்க்கு என்ன கூலி

செங்கல்,
3.3.1954

அன்புள்ள அண்ணனுக்கு, தங்கை சுகிர்தபாய் ஸ்தோத்திரத்துடன் எழுதுவது. கர்த்தர் காக்கிற அளவில் நாங்கள் இருவரும் இங்கே நன்றாக இருக்கிறோம். உங்கள் மூச்சிரைப்பு பனிக்காலத்தோடு போயிற்றா? ஜெஸியும் மாப்பிள்ளையும் சுகம்தானே? பாளையங்கோட்டை வெயிலுக்கு நீங்கள் பழகிவிட்டீர்களா?

இரண்டு வருடமாகக் கிறிஸ்துமஸ் வாழ்த்து மட்டும் அனுப்பியவள், இப்போது ஒரு நாயைப் பற்றிக் கேட்க எழுதுகிறாளே என்று சிரிக்க வேண்டாம். போன ஐப்பசி மழையில் ஒரு குட்டி எங்கள் விறகுப்புரைக்குள் வந்து ஒண்டியது. செம்மண் நிறம். ஒரு காது நிற்கும், ஒரு காது தொங்கும். என் வீட்டுக்காரர் அவர்கள்தான் அதற்குச் சிப்பாய் என்று பெயர் வைத்தார்கள். ஒரு நிமிடம்கூட ஒரு இடத்தில் நிற்காது என்பதால் கேலிக்கு அந்தப் பெயர்.

அதற்கு நான் இரண்டு காரியம் படிப்பிக்க வேண்டும். ஒரு ஆள் நடந்து போனால் விலகாமல் கூடவே நடக்க வேண்டும். பின்னால் யாராவது கூப்பிட்டாலோ வண்டி வந்தாலோ, அந்த ஆளுடைய முழங்காலை மூக்கால் தொட வேண்டும். இவ்வளவுதான். ஆனால் சிப்பாய்க்கு ஓணான் ஓடினால் ஓணான், காக்கை பறந்தால் காக்கை. நான் சொல்வது காதில் ஏறுவதே இல்லை.

முப்பத்தாறு வருடம் பிரம்பெடுக்காமல் பிள்ளைகளை இருத்திப் படிப்பித்தவர் நீங்கள். ஒரு வழி சொல்லுங்கள். விளையாட்டுக்குக் கேட்கவில்லை, அண்ணா. ஒரு ஆளுடைய உயிருக்காகக் கேட்கிறேன்.

பதில் எதிர்பார்க்கும்,
சுகிர்தம்

•

பாளையங்கோட்டை,
12.3.1954

பிரியமுள்ள தங்கை சுகிர்தத்துக்கு வேதமாணிக்கம் எழுதுவது. உன் கையெழுத்தைக் கண்டதும் மனம் குளிர்ந்தது. இங்கே யாவரும் நலம். மூச்சிரைப்பு இருக்கிறது, நானும் இருக்கிறேன்.

நாயைப் பற்றிக் கேட்டதற்கு ஏன் சிரிக்க வேண்டும்? மூன்றாம் வகுப்பில் எனக்கு ஒருவன் இருந்தான். வாய்ப்பாடு சொன்னால் மிட்டாய் தருவேன் என்றேன். மிட்டாயை வாங்கித் தம்பிக்குக் கொண்டுபோனான், வாய்ப்பாடு வரவில்லை. ஒரு நாள் தற்செயலாகக் கரும்பலகையைத் துடைக்கச் சொன்னேன். அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! அன்று முதல் ஒரு வாய்ப்பாட்டுக்கு ஒரு முறை துடைக்கலாம் என்று ஏற்பாடு. ஒரே மாதத்தில் பதினாறாம் வாய்ப்பாடு வரை வந்துவிட்டான். கொடுக்கிறவனுக்குப் பிடித்ததைக் கொடுத்தால் அது கூலியாகாது. வாங்குகிறவனுக்கு எது பிடிக்கும் என்று பார்க்க வேண்டும்.

நாய்க்குப் பெரும்பாலும் வாய்தான் வழி. கருவாட்டை நகக்கண் அளவு நறுக்கி மடியில் வைத்துக்கொள். சொன்னதைச் செய்த அந்த நொடியிலேயே கொடு. தாமதித்தால் எதற்குக் கிடைத்தது என்று அதற்குத் தெரியாது. அடிக்காதே. கருவாடு பிடிக்காவிட்டால் வேறு இரண்டு மூன்றைச் சோதித்துப் பார்.

கீழ்ப்பக்கத்துத் தென்னை காய்க்கிறதா? கிணற்றில் தண்ணீர் கிடக்கிறதா? பக்கத்து வீட்டு ஓமனா இப்போதும் பாட்டுப் பாடிக்கொண்டுதான் வாளியில் தண்ணீர் கோருகிறாளா? கன்றுக்குட்டி பெரிதாகியிருக்கும்.

யாருடைய முழங்கால், சுகிர்தம்? அதை நீ எழுதவில்லை.

ஆசீர்வாதத்துடன்,
வேதமாணிக்கம்

•

செங்கல்,
22.3.1954

அன்புள்ள அண்ணனுக்கு, சுகிர்தம் வணக்கமாய் எழுதுவது. நாங்கள் சுகம். ஆடாதோடை இலைச் சாற்றைத் தேனில் குழைத்துக் குடிக்கிறீர்களா?

உங்கள் கருவாட்டு வைத்தியம் பலிக்கவில்லை. சிப்பாய் அதை விழுங்கிவிட்டுக் காக்கையைப் பார்க்கப் போய்விடுகிறது. ஊரிலுள்ள பூனையெல்லாம் என் பின்னால் வருகிறது. மரச்சீனிக் கிழங்கு கொடுத்தேன், மண்ணில் புதைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை எலும்பு கொடுத்தேன். கவ்விக்கொண்டு ஓமனா வீட்டுப் பின்புறம் போனது, சாயங்காலம்தான் வந்தது. ஓமனா வேலியருகே வந்து நின்று, “சேச்சி, ஒங்க சிப்பாய்க்கு என்ன சம்பளமாக்கும் குடுக்குதிய? எனக்க சேவலுக்கு வாலக் காணல்ல!” என்றாள்.

அண்ணா, உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். தென்னையை விசாரித்திருக்கிறீர்கள். கிணற்றை விசாரித்திருக்கிறீர்கள். கன்றுக்குட்டியைக்கூட விசாரித்திருக்கிறீர்கள். என் வீட்டுக்காரர் அவர்களை விசாரிக்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். அதனால் இன்று சத்தியத்தை மீறுகிறேன், கர்த்தர் மன்னிக்கட்டும்.

அவர்களுக்குக் காது கேட்காது. பெருங்கடவிளைப் பக்கத்துக் குவாரியில் இருபத்திரண்டு வருடம் பாறைக்கு வெடி வைத்த காது. கொஞ்சம் கொஞ்சமாகப் போய், நாலு வருடமாக முழுவதும் இல்லை. முகத்துக்கு நேரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் பதில் சொல்வார்கள். அதனால் யாருக்கும் தெரியாது. யாருக்கும் சொல்லக்கூடாது என்று வேதப்புத்தகத்தின் மேல் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார்கள். “செவிடன்னு ஒரு பேரு வந்தா, பின்ன யோசுவாங்குத பேரு போயிரும்” என்பார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் ஜெஸியின் கல்யாணத்தில் முதல் பந்திக்கு நீங்கள் முறைப்படி அவர்கள் பெயரைச் சொல்லி மூன்று தடவை அழைத்தீர்கள். மாப்பிள்ளை வீட்டார் பார்த்திருக்க அவர்கள் திரும்பாமல் கிணற்றடிக்குப் போனார்கள். நீங்கள் அவமானப்பட்டு நின்றதை நான் பார்த்தேன். அவர்கள் கை கழுவத்தான் போனார்கள், அண்ணா. திரும்பி வந்து, பந்தி நிரம்பியிருந்ததைப் பார்த்து, தன்னை யாரும் அழைக்கவில்லை என்று நினைத்துக் கடைசிப் பந்தியில் இருந்து சாப்பிட்டார்கள்.

இப்போது வாழைக்குலையைத் தோளில் வைத்துப் பாறசாலைச் சந்தைக்கு நடக்கிறார்கள். குலை ஒரு பக்கத்தை மறைக்கும். போன மாதம் ஒரு லாரி சட்டையை உரசிக்கொண்டு போனது. எல்லைத் தகராறில் இப்போது போலீஸ் வண்டிகளும் ஓடுகின்றன. பின்னாலிருந்து யாராவது ‘நில்’ என்றால் அவர்கள் நிற்க மாட்டார்கள். அந்த முழங்கால்தான் அது.

சுகிர்தம்

•

பாளையங்கோட்டை,
19.4.1954

பிரியமுள்ள தங்கைக்கு. மச்சான் யோசுவா சுகமாக இருக்கிறார்களா? நன்றாகச் சாப்பிடுகிறார்களா? நீயும் சுகமா?

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. மூன்று முறை எழுதத் தொடங்கிக் கிழித்தேன். நேற்று ஈஸ்டர் ஆராதனையில் பக்கத்தில் இருந்தவர் என்னை எழுப்பி நிறுத்த வேண்டியிருந்தது. நான் அந்தக் கல்யாணப் பந்தலில்தான் நின்றுகொண்டிருந்தேன். மூன்று தடவை கூப்பிட்டேன். மூன்று தடவையும் அவருடைய முதுகைப் பார்த்துக் கூப்பிட்டேன். ஒரு தடவை நாலு அடி முன்னால் போயிருக்கலாம். வகுப்பில் ஒரு பிள்ளை பதில் சொல்லாவிட்டால், அவன் பக்கத்தில் போய் நின்று பார் என்று எத்தனை புதிய ஆசிரியர்களுக்குச் சொல்லியிருக்கிறேன்!

நீ சத்தியத்தை மீறினாய் என்று நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். மச்சானிடமும் சொல்ல மாட்டேன்.

நாய்க் காரியத்துக்கு வருகிறேன். கருவாடு என்று நான் எடுத்த எடுப்பில் எழுதியது அவசரம். அந்த நாயை நான் பார்த்ததில்லை. நீ ஒரு வாரம் அதற்கு எதுவும் படிப்பிக்காதே. பின்னாலேயே போய், உன்னை விட்டுவிட்டு அது எங்கெங்கே ஓடுகிறது என்று மட்டும் பார்த்து எழுது.

மச்சானுக்கு என் அன்பு. நீ எப்படிச் சொல்வாயோ, சொல்.

வேதமாணிக்கம்

•

செங்கல்,
12.5.1954

அன்புள்ள அண்ணனுக்கு. அவர்களுக்கு உங்கள் அன்பைச் சொன்னேன். முகத்துக்கு நேரே நின்று இரண்டு தடவை சொன்னேன். “எதுக்கு இப்ப?” என்றார்கள். ஆனால் அன்று ஒரு பிடிச் சோறு அதிகமாகவே சாப்பிட்டார்கள்.

ஒரு வாரம் சிப்பாயின் பின்னால் அலைந்தேன். ஓமனா, “சேச்சி நாயை வளக்குதியளா, நாய் ஒங்கள வளக்குதா?” என்று சிரித்தாள். ஓணானைக் கொஞ்ச தூரம் துரத்தும், விட்டுவிடும். கோழி சலித்துப்போகும். காக்கையும் சலித்துப்போகும். சலிக்காதது ஒன்றே ஒன்றுதான்: வாய்க்கால் கரையிலுள்ள நண்டு வளை. அதைக் கண்டால் தலையை உள்ளே விட்டு, முன்கால்களால் சேற்றை வாரி எறிந்து, பின்பக்கம் மட்டும் வெளியே தெரிய ஆடிக்கொண்டிருக்கும். இன்றுவரை ஒரு நண்டைப் பிடித்ததில்லை. மூக்கில் கிள்ளு வாங்கியதுதான் உண்டு. கத்திக்கொண்டு வெளியே வந்து அடுத்த வளைக்குப் போகும்.

இத்தனை நாளும் நான் அதை அங்கிருந்து இழுத்து வந்துதானே கருவாடு கொடுத்தேன்! எதைப் பிடுங்கினேனோ அதுவே கூலி என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

மறுநாள் கயிறு கட்டி வாய்க்கால் கரைக்கு நடத்திக்கொண்டு போனேன். ஓமனாவைப் பின்னாலிருந்து கூப்பிடச் சொன்னேன். அவள் குரல்தான் தெரியுமே, பள்ளிமணி தோற்றுப்போகும். சிப்பாயின் நிற்கிற காது திரும்பியது. நான் அதன் மூக்கை என் முழங்காலில் தொடவைத்து, உடனே கயிற்றை விட்டேன். பாய்ந்து போய் வளைக்குள் தலையை விட்டது. கொஞ்ச நேரம் தோண்டவிட்டு மறுபடியும் கயிறு. எட்டாவது நாள் நான் பிடிக்காமல் அதுவே வந்து முழங்காலில் இடித்து, என் முகத்தைப் பார்த்தது. அண்ணா, எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆனால் இது என் முழங்கால்தானே. அவர்கள் சிப்பாயைத் தன்னோடு கூட்டிப்போகச் சம்மதிக்கவில்லை. “எட்டி, எனக்கு என்னத்துக்கு நாய்? எனக்கு கண்ணு தெரியாதா?” என்று கயிற்றை என் கையிலேயே திருப்பித் தந்துவிட்டார்கள்.

சுகிர்தம்

•

பாளையங்கோட்டை,
21.5.1954

பிரியமுள்ள தங்கைக்கு. மச்சானும் நீயும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். ஜெஸிக்கு ஐந்தாம் மாதம், நலமாக இருக்கிறாள்.

உன் கடிதத்தை ஜெஸிக்கும் மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டினேன், நண்டு வளைப் பகுதியை மட்டும். மாப்பிள்ளை ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் இருக்கிறவர். “இதை எங்கள் புத்தகத்தில் எழுதவில்லையே” என்றார். எனக்கு உன்னை நினைத்துப் பெருமை தாங்கவில்லை. என் வகுப்பில் ஜன்னல் வழியே தூக்கணாங்குருவியைப் பார்த்துக்கொண்டே இருந்த ஒருவனை, மூன்று வருடமும் ஜன்னலுக்கு எதிர்ப்பக்கமே இருத்தினேன். ஒரு கணக்குக்கு ஒரு குருவி என்று அவனை ஜன்னலருகே விட்டிருந்தால் என்ன? ஓய்வு பெற்று எட்டு வருடம் கழித்து, ஒரு நாயின் காரியத்தில் நீ எனக்கு அதைக் காட்டித் தருகிறாய்.

மச்சான் விஷயத்தில் நேராகப் பேசுவதே நல்லது என்று நினைக்கிறேன். ‘உங்களுக்குக் காது கேட்காது, சாலையில் ஆபத்து, நாயைக் கூட்டிப்போங்கள்’ என்று சொல். நீ சொல்லத் தயங்கினால் நான் பொதுவாக ஒரு கடிதம் எழுதுகிறேன். அல்லது நேரிலேயே வருகிறேன். எடுத்துச் சொன்னால் கேட்காத மனிதரா அவர்?

வேதமாணிக்கம்

•

செங்கல்,
20.6.1954

அன்புள்ள அண்ணனுக்கு. மழை பிடித்துவிட்டது. எங்கள் இருவருக்கும் சுகக் குறைவு ஒன்றுமில்லை. ஜெஸியைப் படி ஏறி இறங்க விடாதீர்கள்.

நீங்கள் சொன்னபடி செய்யவில்லை, கோபிக்காதீர்கள். எடுத்துச் சொன்னால் கேட்கிற மனிதர் அல்ல அவர்கள். ஆனால், ‘இதை நீங்கள்தான் செய்ய முடியும்’ என்றால் எழுந்து வருகிற மனிதர். குவாரியில் அவர்கள் கை அசைக்காமல் ஒரு ஆள் திரி கொளுத்த மாட்டான். கையை மேலே மூடிப் பிடித்தால் எல்லோரும் நிற்க வேண்டும். விரித்து முன்னே வீசினால் போகலாம். இருபத்திரண்டு வருடத்தில் அவர்கள் கைக்குக் கீழே ஒருவன்கூடச் சாகவில்லை.

ஆகவே ஓமனாவைப் பிடித்தேன். காது விஷயத்தை நான் சொல்லாமலே அவள் எப்போதோ ஊகித்திருந்தாள். சந்தோஷமாக வந்து, அவர்கள் முகத்துக்கு முன்னால் நின்று கையை ஆட்டி ஆட்டிச் சண்டை போட்டாள். “யோசுவா அண்ணா, இந்த நாய் எனக்க ரெண்டு கோழிய கொண்ணு. சேச்சிக்க கையில இது நிக்காது. ஒரு ஆம்பிள இதுக்கு ஒழுங்கு படிப்பிக்கணும். ஒங்களால பற்றுமா, பற்றாதா?” கோழி இரண்டும் அவள் வீட்டுக் கூடையில் முட்டைக்கு இருந்தன என்பது வேறு விஷயம்.

அவர்கள் என்னைப் பார்த்தார்கள், சிப்பாயைப் பார்த்தார்கள். “நாளைக்கு ராவிலெ வெடிஞ்சதும் கயித்த எடுத்துட்டு வா” என்றார்கள்.

அண்ணா, நான் பத்து நாள் பட்ட பாட்டை அவர்கள் மூன்று நாளில் முடித்தார்கள். வாயால் ஒரு சொல்லும் இல்லை. கையை மூடினால் சிப்பாய் நிற்கிறது. விரித்து வீசினால்தான் நண்டு வளைக்குப் போகிறது. முழங்காலைத் தொடாமல் ஒரு நாளும் கை விரியாது. தொட்டுவிட்டால் ஒரு நொடியும் தாமதிக்காது. பின்னாலிருந்து நானும் ஓமனாவும் கூப்பிடுகிறோம், தகரம் தட்டுகிறோம். ஓமனா தொண்டையைக் கட்டையாக்கி மலையாளத்தில் “நில்லெடா அவிடெ!” என்று போலீஸ்காரர் போல அதட்டுவாள். அதற்கும் சிப்பாய் தொடுகிறது. நடுவில் ஒரு கீரி குறுக்கே ஓடியது. சிப்பாய் நடுங்கிக்கொண்டு கீரியைப் பார்த்தது, அவர்கள் கையைப் பார்த்தது, முழங்காலை இடித்தது. கை விரிந்த பிறகுதான் ஓடியது.

நேற்று சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடியே சொன்னார்கள்: “எட்டி, நாய் கோழிய தொடாம இருக்க நீ பின்னால நிண்ணு தகரம் எதுக்கு தட்டுதென்னு எனக்கு தெரியாதா? நான் பொட்டனாக்கும்னு நினைச்சியா?” பொட்டன் என்றால் மடையன் என்றுதான் எடுத்துக்கொண்டேன்; செவிடனுக்கும் அதே சொல்தானே. “நாய்க்கு ஒரு வேலை வேணும். இருக்கட்டு” என்று எழுந்து கை கழுவப் போய்விட்டார்கள். காதைப் பற்றி வேறு ஒரு வார்த்தை இல்லை.

இப்போது சந்தைக்குச் சிப்பாய் கூடவே போகிறது.

சுகிர்தம்

•

பாளையங்கோட்டை,
25.7.1954

பிரியமுள்ள தங்கைக்கு. நீயும் மச்சானும் பத்திரமா? அதுதான் இன்று எனக்குத் தெரிய வேண்டியது.

உன் கடிதத்தைப் படித்தபோது, நான் சொன்னதை நீ செய்யாததற்காகக் கர்த்தருக்கு நன்றி சொன்னேன். நாய்க்கு நண்டு வளை என்று கண்டுபிடித்தவளுக்கு மச்சானுக்கு எது என்று தெரியாமலா போகும்? நான் வெறும் வாத்தியார்.

பத்திரிகையில் நல்ல செய்தி இல்லை. மறியல், கைது, ஊர்வலத்துக்குத் தடை. தென்தாலுகாக்கள் தமிழ்ப் பக்கம் போக வேண்டுமா, மலையாளப் பக்கம் இருக்க வேண்டுமா என்று பெரியவர்கள் பேசி முடிப்பதற்குள் சிறியவர்கள் அடிபடுகிறார்கள். நம் செங்கலும் பாறசாலையும் எந்தப் பக்கம் இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. மச்சான் சாலையில் நடக்க வேண்டாம் என்று மட்டும் கெஞ்சுகிறேன். குலை பழுத்து உதிர்ந்தால் உதிரட்டும். இருவரும் இங்கே வந்துவிடுங்கள். மாடியறை சும்மாதான் கிடக்கிறது.

உடனே இரண்டு வரி போடு.

வேதமாணிக்கம்

•

செங்கல்,
29.8.1954

அன்புள்ள அண்ணனுக்கு. இருவரும் உயிரோடு, சுகமாக இருக்கிறோம். அதை முதலில் எழுதிவிடுகிறேன். உங்கள் கடிதம் கையில் கிடைக்கவே ஒரு மாதம் ஆயிற்று. பஸ் இல்லை, தபால் இல்லை. மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் சுட்டதைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். இங்கே நாலு பேர் சேர்ந்து நிற்கக்கூடாது என்று உத்தரவு.

உங்கள் கெஞ்சலை அவர்களிடம் காட்ட நேரமில்லை. அதற்கு முன்பே போன திங்கட்கிழமை அவர்கள் ஒரு குலையைத் தோளில் வைத்து இறங்கிவிட்டார்கள். சந்தை கூடவில்லை. குலையோடு வாய்க்கால் கரை வழியே திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். இனி எழுதுவது ஓமனா பார்த்துச் சொன்னது. அவள் எதிர்க்கரையில் துணி அலசிக்கொண்டிருந்தாள்.

மழைத் தண்ணீர் வடிந்து கரையெல்லாம் புது வளை. எங்கிருந்தோ கேட்ட ஒரு லாரி ஹாரனுக்கு முழங்காலைத் தொட்டதற்காக அவர்கள் கையை விரித்திருந்தார்கள். ஆகவே சிப்பாய் கூலியை அனுபவித்துக்கொண்டிருந்தது, இடுப்புவரை வளைக்குள். அவர்கள் பத்தடி முன்னால் நடந்துவிட்டார்கள். அப்போது சாலை வளைவில் ஒரு வண்டி வந்து நின்றது. ஒரு போலீஸ்காரர் துப்பாக்கியோடு இறங்கி, “நில்லெடா!” என்றார். அவர்கள் நடந்தார்கள். குலை இந்தப் பக்கம், வண்டி அந்தப் பக்கம். இரண்டாம் தடவை, “நில்லெடா அவிடெ!” நடந்தார்கள். ஓமனாவுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது, சத்தமே வரவில்லையாம். ஓமனாவுக்கு, அண்ணா! போலீஸ்காரர் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கினார்.

சிப்பாயின் வால் ஆட்டம் நின்றது. சேற்றோடு தலையை உருவி வெளியே எடுத்தது. வளைக்கு வெளியே ஒரு நண்டு, வாய்க்கு எட்டும் தூரத்தில், அதுவரை அது கண்ணால் கண்டிராத அளவுக்குப் பெரியது, ஓடிக்கொண்டிருந்ததாம். சிப்பாய் அதைத் தாண்டிக் குதித்து ஓடிப்போய் முழங்காலில் இடித்தது. ஒரு இடி இல்லை, மூன்று.

அவர்கள் நின்றார்கள். திரும்பினார்கள். குலையை மெதுவாகத் தரையில் இறக்கி வைத்து, இரண்டு கையையும் மேலே தூக்கினார்கள். பிறகு சொன்னார்கள், ஓமனாவும் வண்டியில் இருந்தவர்களும் கேட்க, ஊரே கேட்கிற சத்தத்தில்: “சாரே, எனக்கு செவி கேக்காது. சொல்லுகத முன்னால வந்து சொல்லணும்.”

நாலு வருடமாக எனக்கு முன்னால்கூட ‘எனக்குக் கேட்காது’ என்று வாய்விட்டுச் சொன்னதில்லை.

போலீஸ்காரர் இளைஞர்தான். துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் வந்து, ஒவ்வொரு சொல்லாக, “வேகம் வீட்டில் போணும்” என்றாராம். அவர்கள் தலையாட்டினார்கள். ஆனால் உடனே நடக்கவில்லை. சிப்பாய் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதே! அவர்கள் குனிந்து, கையை விரித்து வளையைப் பார்த்து வீசினார்கள். போலீஸ்காரர் பார்த்திருக்க, சிப்பாய் ஓடிப்போய்த் தலையை உள்ளே விட்டது. அது தோண்டி முடிகிற வரையில் அவர்கள் காத்திருந்தார்கள். போலீஸ்காரரும் காத்திருந்தாராம். “கூலி நிண்ணுபோகப்பிடாது சாரே” என்று அவரிடம் விளக்கம் வேறு சொல்லியிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து இதில் ஒன்றையும் என்னிடம் சொல்லவில்லை. “குலை விற்கல்ல” என்று மட்டும் சொன்னார்கள்.

சுகிர்தம்

•

பாளையங்கோட்டை,
8.9.1954

பிரியமுள்ள தங்கைக்கும் என் மதிப்புக்குரிய மச்சானுக்கும். இந்தக் கடிதத்தை இருவருக்குமாக எழுதுகிறேன். இருவரும் சேர்ந்து படியுங்கள்.

நான் படிப்பித்த பிள்ளைகளில் வக்கீலும் டாக்டரும் உண்டு. பரிசு நாளில் அவர்களுக்காகக் கை தட்டியிருக்கிறேன். போன வாரம் இந்த வீட்டுக் கூடத்தில் தனியாக நின்று, செங்கலிலுள்ள ஒரு மனிதருக்காகவும் ஒரு பெண்ணுக்காகவும் ஒரு நாய்க்காகவும் கை தட்டினேன். ஜெஸி சமையலறையிலிருந்து ஓடிவந்து, “அப்பாவுக்கு என்ன ஆச்சு?” என்றாள்.

மச்சான், தன் குறையைத் துப்பாக்கிக்கு முன்னால் நின்று உரக்கச் சொல்ல எனக்குத் தைரியம் வந்திருக்காது. அதற்குப் பிறகு நாயின் கூலியை நினைக்க எனக்குப் புத்தியும் வந்திருக்காது. உங்களிடம் நான் கேட்க வேண்டிய மன்னிப்பு ஒன்று உண்டு. பஸ் ஓடத் தொடங்கியதும் வருகிறேன். உங்கள் முகத்துக்கு முன்னால் நின்று கேட்கிறேன்.

வேதமாணிக்கம்

•

செங்கல்,
26.9.1954

மரியாதைக்குரிய மச்சானுக்கு யோசுவா எழுதுவது. நான் சுகம். சுகிர்தம் சுகம். சிப்பாயும் சுகம். நான் நாலாம் வகுப்புவரை படித்தவன். பிழை இருந்தால் வாத்தியார் சிவப்பு மை எடுக்க வேண்டாம்.

சுகிர்தம் உங்களுக்கு எழுதியது எனக்கு முன்பே தெரியும். தபால்காரர் கடிதத்தை என் கையில்தான் தருகிறார். இரண்டு வருடமாக வராதது மாதாமாதம் வந்தால் எனக்கு விளங்காதா? பிரித்துப் படிக்கவில்லை. அவள் மனதிலுள்ளதை ஒரு ஆளிடமாவது சொல்லட்டும் என்று இருந்தேன். சத்தியம் வாங்கியது என் தப்பு. மன்னிப்புக் கேட்பதற்காக நீங்கள் வர வேண்டாம். சும்மா வாருங்கள். ஜெஸிக்குப் பிள்ளை பிறந்த பிறகு அவளையும் கூட்டி வாருங்கள்.

எல்லோரும் அந்தத் திங்கட்கிழமையைப் பற்றியே கேட்கிறார்கள். எனக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை. நாய் தொட்டது, திரும்பினேன். வேறு ஒன்றைத்தான் உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது.

சிப்பாய் தொட்டால், பின்னால் ஏதோ சத்தம் என்று மட்டும் தெரியும். என்ன சத்தம் என்று தெரியாது. திரும்பிப் பார்க்க வேண்டியது நான்தான். நாலு வருடமாக நான் திரும்பியதே இல்லை. திரும்பாவிட்டால் கோபக்காரன், கர்வக்காரன் என்று சொல்லட்டும், செவிடன் என்று சொல்லக்கூடாது என்று இருந்தேன். இப்போது தொட்டால் திரும்புகிறேன். மாட்டுவண்டியாக இருக்கும். ஓமனா சும்மா அதட்டிப் பார்ப்பதாக இருக்கும். ஒரு நாள் தேங்காய் விழுந்ததற்கும் தொட்டது. அதற்கும் கூலி கொடுத்தேன்.

நேற்று வாழைக்குத் தடம் வெட்டிக்கொண்டிருந்தேன். சிப்பாய் வந்து முழங்காலில் இடித்தது. திரும்பினேன். சுகிர்தம் அடுக்களை வாசலில் நின்றாள். மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். “என்னட்டி, என்ன காரியம்?” என்றேன்.

அவள் உதட்டைப் பார்த்தேன். “ஒண்ணுமில்ல. சும்மா கூப்பிட்டேன்” என்றாள்.

நாலு வருடமாக இப்படிச் சும்மா எத்தனை தடவை கூப்பிட்டாள் என்று கேட்க நினைத்தேன், மச்சான். கேட்கவில்லை. அங்கேயே படியில் அவளோடு கொஞ்ச நேரம் இருந்தேன்.

இப்படிக்கு,
யோசுவா